பெத்தவ என்ன பண்றா?

2007ஆம் வருஷம் ஆடி மாதம். வியட்நாமின் தலைநகர் ஹனோயிலிருந்து என் பெரியம்மா மகள் போன் செய்தாள். அக்காவும் மாமாவும் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழ்கிறவர்கள். ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுப்பதற்காக வியட்நாம் போயிருந்தார்கள். அன்று காலையில்தான் ஒரு மாகாண அரசு அலுவலகத்தில் கையெழுத்துகள் முடிந்து, ஏழு மாதக் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்திருந்தார்கள். குஜிலியம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

நிறம் எப்படி, பால் குடிக்கிறாளா, என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று எல்லோரும் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். கடைசியாக அம்மா போனை வாங்கினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வியட்நாம் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது. அவள் கேட்டது ஒன்றுதான்.

“ஏங்கண்ணு, பெத்தவ என்ன பண்றா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “யாருன்னு தெரியாது சித்தி. கைவிடப்பட்ட குழந்தைன்னு பேப்பர்ல போட்டிருக்கு.”

“தெரியாட்டியும் எங்கயோ இருப்பாள்ல” என்றாள் அம்மா.

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். நல்ல நேரத்தில் இப்படியா பேசுவது என்று கடிந்துகொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் முருங்கைக்கீரையை உருவப் போய்விட்டாள். பதினோரு வருஷம் கழித்து, நானே ஒரு குழந்தையைத் தத்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பியபோது, அதே கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஒரு குழந்தைக்கு நல்லது நடக்கிறது என்பதால், அந்தக் குழந்தையைப் பெற்றவளுக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் இருக்க நமக்கு உரிமை வந்துவிடுகிறதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

*

குழந்தையைத் தேடி வெளிநாடு போகும் புதுப் பெற்றோரின் கதை எங்கும் ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது. வருஷக்கணக்கில் காத்திருப்பு, ஒரு நாள் வரும் புகைப்படம், விமானம், அறியாத ஊரின் ஹோட்டல் அறை, முதன்முதலாகக் கையில் வாங்கும் கணம், விமான நிலையத்தில் பலூன்களோடு வரவேற்பு. அது ஒரு பிரசவக் கதையின் வடிவம். வலிக்குப் பதில் காத்திருப்பு, பனிக்குடத்துக்குப் பதில் கடல் கடந்த பயணம். பெற்றெடுக்காதவள் என்று காலமெல்லாம் சொல்லப்பட்ட ஒருத்தி தானும் ஒரு பாடுபட்டுத்தான் தாயானேன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கதை தேவைப்படுகிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். எனக்கும் அது தேவைப்பட்டது.

ஆனால் அந்தக் கதையில் பயணம் செய்பவர்கள் இன்னும் உண்டு. குழந்தையும் பயணம் செய்கிறது. அதுவரை கேட்ட மொழியின் ஒலி, பழகிய கையின் வாசனை, இரவில் பக்கத்தில் படுத்த மற்றக் குழந்தைகளின் மூச்சு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வருகிறது. அன்று போனில் நாங்கள் கேட்ட வீறிடலைப் பசி என்று நினைத்தோம். கதையில் வராமலே இருப்பவள் பயணம் செய்யாதவள். அவள் எங்கேயோ அப்படியே நின்றுகொண்டிருக்கிறாள்.

அக்கா வீடு திரும்பி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2008 ஏப்ரலில் ஹனோயில் உள்ள அமெரிக்கத் தூதரகம் வியட்நாம் தத்தெடுப்புகளில் நடக்கும் முறைகேடுகளை வெளியிட்டது. தரகர்கள் கிராமங்களுக்குப் போய்க் குழந்தை தேடினார்கள். பிரசவச் செலவைக் கட்ட முடியாத பெண்களிடம் கடனுக்கு ஈடாகக் குழந்தையைக் கேட்டிருந்தார்கள். தாய்க்குத் தெரியாமலே குழந்தை கொடுக்கப்பட்டதும் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் இரு நாடுகளுக்கும் இடையிலான தத்தெடுப்பு ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. 2012இல் வியட்நாம் ஹேக் உடன்படிக்கைக்குள் வந்த பிறகு, 2014இல்தான் அமெரிக்காவுடன் மறுபடி தொடங்கியது. அதுவும் சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள், வயதில் மூத்தவர்கள், பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகள் ஆகியோருக்கு மட்டும்.

அந்தச் செய்தியைப் படித்த இரவு அக்கா போன் செய்து அழுதாள். தன் குழந்தையின் காகிதத்தில் இருந்த ‘கைவிடப்பட்ட’ என்ற ஒரு சொல் உண்மையா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை. அந்தச் சொல்லின் மேல்தான் அவள் வீடு கட்டியிருந்தாள்.

வியட்நாமில் இது முதல் முறையும் அல்ல. 1975 ஏப்ரலில் போர் முடியும் தறுவாயில், அமெரிக்கா ‘ஆபரேஷன் பேபிலிஃப்ட்’ என்ற பெயரில் சைகோனிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை விமானங்களில் ஏற்றிக் கொண்டுபோனது. ஏப்ரல் 4 அன்று புறப்பட்ட முதல் ராணுவ விமானமே விழுந்து 138 பேர் இறந்தார்கள், அவர்களில் 78 பேர் குழந்தைகள். உலகம் அதை மீட்பு என்று கொண்டாடியது. கொண்டுபோகப்பட்ட எல்லோரும் அநாதைகள் அல்ல. போருக்குப் பயந்து கொஞ்ச நாளைக்கு என்று இல்லத்தில் விட்டுப்போன தாய்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் பிறகு அகதிகளாக அமெரிக்கா வந்து, தங்கள் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு நீதிமன்றப் படியேறினார்கள். மீட்கப்பட்ட குழந்தை என்று ஒருமுறை எழுதிவிட்டால், பெற்றவளே வந்து கேட்டாலும் அவள் குறுக்கே வந்தவள் ஆகிவிடுகிறாள்.

*

இதெல்லாம் எங்கோ போர் நடந்த நாட்டின் கதை என்று நாம் தள்ளிவைக்க முடியாது. எங்கள் மாவட்டத்திலேயே அரசு தொட்டில் கட்டியிருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது 1986இல் நாடறிந்த செய்தியானது. 1992இல் முதலமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், வேண்டாமென்றால் தொட்டிலில் போட்டுவிடுங்கள், அரசு வளர்க்கும் என்பது அதன் சாரம். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது வந்தது. ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தத்துக்குப் போனார்கள்.

உயிர்கள் பிழைத்தன. அதைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தொட்டிலை வைத்தவர்கள் எதைக் கேட்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவதும் பெண் என்று மாமியார் தட்டைத் தள்ளியபோது அவள் பக்கம் யார் நின்றார்கள்? வரதட்சணை கொடுக்காமல் மகளைக் கட்டிக்கொடுக்க அவளுக்கு வழி இருந்ததா? எங்கள் பக்கம் விடிகாலையில் சாலையில் நின்றால் ஸ்பின்னிங் மில் வேன்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். உள்ளே பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் தூக்கக் கலக்கத்தில் தலை சாய்ந்திருப்பார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஊர்கள் இவை. ஒரு பெண் தன்னைக் கட்டிக்கொடுக்கிற செலவைத் தானே நூற்றுத் தீர்க்க வேண்டிய இடத்தில், இன்னொரு பெண்ணைப் பெற்றவள் தொட்டிலுக்கு நடந்து போகிறாள். அவள் கொடுத்தாள் என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

கொடுக்காமலே எடுத்துக்கொள்ளப்பட்ட குழந்தைகளும் தமிழ்நாட்டில் உண்டு. 1990களின் கடைசியில் சென்னையில், தெருவோரம் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் திருடப்பட்டு, ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போனார்கள். 2005இல்தான் போலீஸ் அதைக் கண்டுபிடித்தது. அங்கே காத்திருந்த புதுப் பெற்றோரும் அக்காவைப் போலத்தான் பலூன் கட்டி வரவேற்றிருப்பார்கள். அவர்கள் கையில் இருந்த காகிதத்திலும் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். இலங்கையிலிருந்து 1980களில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளின் கதையும் இப்படித்தான். பொய்த் தாயை நிறுத்திக் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததெல்லாம் பின்னால் வெளியே வந்தது. அந்த விசாரணைகளுக்குப் பிறகு, 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது.

நம் சட்டம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 1984இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் பல விதிகளை வகுத்தது. குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறந்து மூன்று மாதத்துக்குள்ளோ தாயிடம் முடிவு கேட்கக் கூடாது என்றது. குழந்தை வெளிநாட்டுக்கும் போகலாம் என்பதை அவளுக்குப் புரியவைக்க வேண்டும் என்றது. 1993இன் ஹேக் உடன்படிக்கை, பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கக் கூடாது, முதலில் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும் என்றது. இந்தியா 2003இல் அதை ஏற்றது. இன்று நம் குழந்தைகளில் பெரும்பாலோர் உள்நாட்டிலேயே போகிறார்கள். 2024-25இல் தத்துப்போன 4,515 பேரில் 4,155 பேர் இந்தியப் பெற்றோரிடம்தான் சேர்ந்தார்கள். ஆகவே கேள்வி இப்போது வெளிநாட்டுக்காரரிடம் இல்லை. என்னைப் போன்றவர்களிடம் இருக்கிறது.

*

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் குழந்தை இல்லை. அந்தப் பதினொரு வருஷத்தை இந்தப் புத்தகத்தைப் படிக்கிற பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி, வளைகாப்பு வீட்டில் சந்தனம் தடவ எழுந்தால் “நீ உக்காரும்மா” என்று தோளைத் தொடும் கை, மதுரை ஆஸ்பத்திரி வராந்தா, மண் சோறு, நாகர் சிலைக்குக் கட்டிய தொட்டில். பரிசோதனையில் குறை யாரிடம் என்று தெரிந்த பிறகும் பெயர் எனக்குத்தான். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை, அதற்கு ஆண்பால் புழக்கத்தில் இல்லை.

2016இல் இணையத்தில் பதிவு செய்தோம். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. 2018 கடைசியில் ஒரு குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்தன. 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் 48 நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வேறு மாவட்டத்தில் இருந்த அந்த இல்லத்துக்குப் போக, விடியுமுன் குஜிலியம்பாறையில் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் மாறினோம். அக்காவின் பயணத்தில் இரண்டு விமானம் இருந்தது, எங்களுடையதில் மூன்று பஸ். மற்றபடி கதை ஒன்றுதான்.

குழந்தையின் அறிக்கையில் ‘ஒப்படைக்கப்பட்டவர்’ என்று இருந்தது. தாயைப் பற்றி ஒரே வரி: மணமாகாதவர். தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே கண்ணாடி வைத்ததைப் போல இருந்தது. கல்யாணம் செய்தும் பெறாததால் நான் குறைப்பட்டவள். கல்யாணம் செய்யாமல் பெற்றதால் அவள் கெட்டுப்போனவள். எனக்கு வயிறு நிறையவில்லை என்று தீட்டிய அதே வாய்தான் அவளுக்கு வயிறு நிறைந்தது என்று தீட்டியிருக்கிறது. பெண்ணின் கர்ப்பப்பை ஒரு ஆணின் பெயரில், சரியான நேரத்தில், முடிந்தால் ஆணாகவே பெற்றுத்தர வேண்டும் என்று ஒரே விதி. அந்த விதிக்கு இந்தப் பக்கம் தவறியவள் நான், அந்தப் பக்கம் தவறியவள் அவள். இரண்டு அவமானங்களுக்கு நடுவில் ஒரு குழந்தை கைமாறியது. பெற்றவனிடம் எந்தக் கையெழுத்தும் கேட்கப்படவில்லை. அவன் மேல் எந்தப் பெயரும் ஒட்டவில்லை. பெத்தவன் என்ன பண்றான் என்று என் அம்மாவுக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

சட்டத்திலும் இதன் தடம் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில், மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமை இல்லை. கணவன் எடுப்பான், மனைவி சம்மதிப்பாள். கொடுக்கிற உரிமையும் தகப்பனுக்குத்தான், தாய் சம்மதிப்பாள். 2010இல் திருத்தம் வரும்வரை அதுதான் நிலை. எடுக்கிறவளுக்கும் கொடுக்கிறவளுக்கும் நாம் ஒதுக்கியிருந்த வேலை சம்மதிப்பது மட்டும். தகப்பன் ஓடிப்போன இடத்தில் மட்டும் முழு உரிமையும் திடீரென்று அவளுக்கு வந்துவிடுகிறது.

*

இல்லத்தில் குழந்தையைக் குளிப்பாட்டித் தந்த ஆயா எங்களோடு வாசல் வரை வந்தார். நான் தனியாக இருந்த ஒரு நிமிஷத்தில் மெதுவாகச் சொன்னார். “நல்லா வச்சுக்கம்மா. பெத்த புள்ள ஒருதரம் வந்துச்சு. கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. உள்ள வான்னு கூப்பிட்டேன், வரல. புள்ள நல்லாருக்கான்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருச்சு.”

அவர் ‘பெத்த புள்ள’ என்றது தாயைத்தான். அவளுமே ஒரு பிள்ளை வயதில்தான் இருந்திருப்பாள்.

குழந்தையை ஒப்படைத்த தாய்க்கு மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாதம் அவகாசம் தருகிறது. அந்த அறுபது நாள் முடிந்த பிறகுதான் குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று அறிவிப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆயா சொன்னதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது:

“அறுபது நாள் முடிஞ்சிருச்சுல்ல?”

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். படிக்காத என் அம்மா, கடல் கடந்த ஒருத்தியைப் பற்றிக் கேட்டது பெத்தவ என்ன பண்றா என்று. படித்து, கூட்டங்களுக்குப் போய், பெண்ணுரிமை பேசிய நான், கேட்டைப் பிடித்து நின்ற ஒருத்தியைப் பற்றிக் கேட்டது கெடு முடிந்துவிட்டதா என்று. முடிந்துவிட்டது என்றார் ஆயா. எனக்கு நிம்மதியாக இருந்தது. என் நிம்மதிக்கு அடியில் இன்னொருத்தி உள்ளே வராமல் திரும்பிப் போனது இருந்தது.

அவள் எதற்கு வந்தாள்? திரும்பக் கேட்கவா, கடைசியாகப் பார்க்கவா? கேட்க வந்து, கேட்க முடியாமல் போனாளா? கேட்டிருந்தால் குழந்தையோடு எந்த வீட்டுக்குப் போயிருப்பாள்? அறுபது நாள் என்பது சட்டம் அவளுக்குக் கொடுத்த காலம். காலத்தை மட்டும் கொடுத்து, அந்தக் காலத்துக்குள் மாறக்கூடியதாக அவள் வாழ்க்கையில் வேறு எதையும் கொடுக்காவிட்டால், அறுபதாம் நாளில் அவள் முதல் நாள் நின்ற இடத்திலேயேதான் நிற்பாள். சம்மதம் என்பது கையெழுத்தில் இல்லை. கையெழுத்துப் போடாமல் திரும்பிப் போயிருந்தால் அவளுக்குப் போக ஒரு இடம் இருந்ததா என்பதில் இருக்கிறது.

நாங்கள் அந்த இல்லத்துக்குச் சட்டப்படி கட்டிய கட்டணம் 40,000 ரூபாய். முறையான ரசீது உண்டு, குழந்தைகளின் பராமரிப்புக்குத்தான் போகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்று மிஷன் வாத்சல்யா திட்டத்தில், சொந்தக் குடும்பத்திலேயே குழந்தை வளர்வதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு என்று படித்தபோது கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. நான் கட்டியது அவளுக்குப் பத்து மாதம். ஒரு பெண் கையெழுத்துப் போட உட்காரும்போது, இந்தக் குழந்தையை நீயே வளர்க்க இன்னின்ன வழி இருக்கிறது, தங்க இந்த இடம் இருக்கிறது, உன் வீட்டில் நாங்கள் பேசுகிறோம் என்று சொல்லும் குரல் அந்த அறையில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் அவள் கையெழுத்துப் போட்டால், அதற்குப் பெயர் முடிவு.

*

இதைச் சொன்னால் என் தோழி ஒருத்தி சண்டைக்கு வருவாள். “நீ தாய்ப்பாசத்தைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறாய். அவளுக்கு அந்தக் குழந்தையே வேண்டாமாக இருந்திருக்கலாம். கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டுதானே?”

உண்டு. இதில் அவள் சொல்வது சரி. பெற்றதாலேயே ஒருத்தி வளர்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கருத்தடை தவறி உண்டான கருவைக் கலைக்கலாம் என்ற கருக்கலைப்புச் சட்டத்தின் பிரிவில் மணமாகாத பெண்ணுக்கும் இடம் கொடுக்க 2021 திருத்தம் வரை காத்திருந்த நாடு இது. பெற மறுக்கவும் வழியில்லாமல், வளர்க்கவும் வழியில்லாமல் பெண்களை வைத்திருந்துவிட்டு, பத்து மாதம் சுமந்தவள் எப்படித்தான் கொடுத்தாளோ என்று உச்சுக்கொட்டுகிற கூட்டத்தில் நான் சேர விரும்பவில்லை. கேட்டைப் பிடித்து நின்றவள் துக்கத்தில்தான் நின்றாள் என்றும் நான் முடிவு கட்டமாட்டேன். சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் வந்திருக்கலாம். என் வருத்தம் அவள் கொடுத்தது அல்ல. அவள் விரும்பிக் கொடுத்தாளா, வேறு வழியில்லாமல் கொடுத்தாளா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் இருப்பதே எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான்.

இன்னொன்றும் சொல்வார்கள். பழசைக் கிளறினால் குழந்தைக்குத்தான் கஷ்டம், அவளுக்கும் ஆபத்து என்று. இரண்டாவது பாதி உண்மை. எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் கல்யாணத்துக்கு முன் பிள்ளை பெற்றாள் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய ரகசியம் சில சமயம் அவளுடைய உயிர். தத்தெடுப்பு விதிகளும் இதை யோசித்திருக்கின்றன. வளர்ந்த பிறகு குழந்தை தன் வேரைத் தேடலாம். ஆனால் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்ட தாய் என்றால், அவளுடைய சம்மதம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இது நியாயம். அந்தப் பூட்டின் சாவி அவளிடம் இருக்கட்டும்.

நாம் செய்கிற ரகசியம் வேறு. தத்துப்பிள்ளை என்றே சொல்லாமல் வளர்ப்பது, ஊர் மாற்றிக்கொண்டு போய்விடுவது, நம் நிறத்துக்கு ஏற்ற குழந்தையாகக் கிடைக்குமா என்று ஏங்குவது, கேட்டால் ‘சாமி கொடுத்தது’ என்பது. இந்த ரகசியம் அவளைக் காப்பதற்காக இல்லை. நம்மை அந்தப் பழைய பெயரிலிருந்து காப்பதற்காக. அவளை இல்லாமல் ஆக்கினால்தான் நான் முழுத் தாய் என்று நம்பினால், என்னைக் குறைப்பட்டவள் என்று சொன்னவர்களின் கணக்கையே நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும், அவள் பெற்றவளாகத்தான் இருக்க முடியும் என்ற கணக்கு அது.

நன்றி என்ற சொல்லும் இங்கேதான் இடறுகிறது. “உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க அந்தப் பிள்ளை கொடுத்து வச்சிருக்கணும்” என்று என்னிடம் சொல்லாத ஆளில்லை. என் மகள் யாருக்கும் கடன்பட்டவள் அல்ல. எந்தக் குழந்தையும் தன்னைச் சோறூட்டி வளர்த்ததற்குக் கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை. கடன் என்று ஒன்று இருந்தால் அது என் மேல்தான். பெயர் தெரியாத ஒருத்தியின் வாழ்க்கை இருண்ட இடத்தில்தான் என் வீட்டில் விளக்கு ஏறியது என்று தெரிந்துகொண்டே வாழ்கிற கடன். அதைத் தீர்க்க முடியாது. தெரியாதது போல நடிக்காமல் இருக்கலாம்.

*

அக்காவின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருஷம் முன்பு அவள் கேட்டு, மூவரும் வியட்நாம் போனார்கள். முன்பு ஒரு குழந்தையைத் தேடிப் போன அதே வழியில், இம்முறை ஒரு தாயைத் தேடி. காகிதத்தில் இருந்த ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றார்கள். யாரும் கிடைக்கவில்லை. அந்த வாசலில் பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாக மகள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அக்கா சொன்னாள். “சித்தி அன்னைக்கே கேட்டாங்கள்ல. நான் அப்பவே அங்க நாலு பேர்கிட்ட விசாரிச்சிருக்கணும்டி. குழந்தை கைக்கு வந்துச்சுன்னு ஓடி வந்துட்டேன்.”

என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு எல்லாம் தெரியும், அதாவது எனக்குத் தெரிந்த அளவு. பெரிய மனுஷியானதும் கேட்பாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இல்லம் இருந்த ஊர், போன தேதி, அன்று பெய்த மழை, ஆயா சொன்ன நாலு வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல். நான் கேட்ட கேள்வியையும் எழுதியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் கொடுப்பது சரியாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வருஷமும் மகளின் பிறந்தநாளுக்கு அம்மா பச்சரிசியில் வெல்லப் பொங்கல் வைப்பாள். பேத்திக்குத் திருஷ்டி கழித்து, சாமி முன்னால் விளக்கேற்றி, கொஞ்ச நேரம் நிற்பாள். போன வருஷம் மகள் அவளிடம் கேட்டாள், “என்ன அப்பத்தா வேண்டிக்கிட்ட?” அவள் கூப்பிடுவது அப்பத்தாதான். அப்பாவின் அம்மா இல்லாததால் அந்த இடமும் என் அம்மாவுக்கே வந்துவிட்டது.

“ஒன்னையப் பெத்தவளுக்கு” என்றாள் அம்மா. “அவளும் இன்னைக்கு நெனச்சுக்கிட்டுத்தான இருப்பா.”

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவங்களுக்கும் பொங்கல் எடுத்து வை” என்றாள். அம்மா ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். சாயந்திரம் அதை மகளே சாப்பிட்டாள்.